இங்கிலாந்துல ஃபாஸ்டர் கேரர் ஆகுறதுக்கு என்ன ட்ரைனிங், எதுக்கெல்லாம் தயாராகணும்?

கேள்வி கேட்டவங்க லண்டன்ல இருக்காங்க. வீட்டுக்காரர், 14 வயசுப் பையன், கூடவே மாமியார், வீட்ல ஒரு ரூம் சும்மா கிடக்கு, ஃபாஸ்டர் கேரர், அதாவது பெத்தவங்க கூட இருக்க முடியாத குழந்தைகளைத் தன் வீட்ல வச்சுப் பாத்துக்கிறவங்க, ஆகலாம்னு ரொம்ப நாளா யோசனை. ட்ரைனிங் எத்தனை நாள், முடிவுல பரீட்சை வைப்பாங்களா, இங்கிலீஷ் சுமாராத்தான் வரும் பரவாயில்லையா, வேலைக்குப் போயிட்டே பண்ண முடியுமான்னு கேட்டிருக்காங்க. ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டிருக்காங்க பாருங்க, "சொந்தப் புள்ளைய வளர்த்தவங்களுக்கு எதுக்குத் தனியா ட்ரைனிங்"னு, நிஜமான கேள்வி அதுதான். மத்ததுக்கெல்லாம் சுருக்கமா பதில் சொல்லிடலாம், இதுக்குத்தான் நீட்டி எழுத வேண்டியிருக்கு, பொறுமையா படிங்க.

நான் ஃபாஸ்டரிங் டீம்ல சோஷியல் வொர்க்கரா பல வருஷம் வேலை பார்த்தவன். விண்ணப்பிக்கிறவங்க வீட்டுக்குப் போய் அசெஸ்மென்ட் பண்ணி ரிப்போர்ட் எழுதுறது, அப்ரூவ் ஆனப்புறம் அவங்களுக்கு சூப்பர்வைசிங் சோஷியல் வொர்க்கரா இருக்குறது, ரெண்டும் பார்த்திருக்கேன். நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துக்கெல்லாம் தனித்தனி விதி. விசா சம்பந்தமா எதுவும் என்கிட்ட கேக்காதீங்க, பொதுவா பிரிட்டிஷ் சிட்டிசனோ நிரந்தரமா தங்குற உரிமை உள்ளவங்களோதான் எடுப்பாங்க, அதுக்கு மேல உங்க நிலைமை என்னன்னு வக்கீல்தான் சொல்லணும்.

முதல்ல சுருக்கமான பதில். பெரும்பாலான கவுன்சில்களும் தனியார் ஏஜென்சிகளும் நடத்துறது "ஸ்கில்ஸ் டு ஃபாஸ்டர்"ங்கிற கோர்ஸ், ஃபாஸ்டரிங் நெட்வொர்க்ங்கிற அமைப்பு தயாரிச்சது. பொதுவா மூணு நாள் கணக்கு, சில இடத்துல ரெண்டு சனிக்கிழமையும் சில சாயங்காலமும்னு பிரிச்சு வைப்பாங்க, சில பேர் ஆன்லைன்லயும் நடத்துறாங்க. கட்டணம் கிடையாது. பரீட்சையும் கிடையாது. ஆனா பரீட்சை இல்லன்னு சொல்றதால யாரும் கவனிக்கலன்னு அர்த்தம் இல்ல, நீங்க அங்க எப்படிப் பேசுறீங்க, அடுத்தவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேக்குறீங்களா, ஒரு விஷயம் புரிஞ்சப்ப உங்க கருத்து மாறுதாங்கிறதெல்லாம் ட்ரைனர்ங்க குறிச்சு வச்சு அசெஸ் பண்றவருக்கு அனுப்புவாங்க. கோர்ஸை நடத்துறது பொதுவா ஒரு சோஷியல் வொர்க்கரும் அனுபவமுள்ள ஒரு ஃபாஸ்டர் கேரரும் சேர்ந்து, அந்த கேரர் டீ பிரேக்ல சொல்ற கதைங்களை விட்டுடாதீங்க, ஸ்லைடுல இருக்குறதைவிட அதுல சரக்கு அதிகம். வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்துதான் விண்ணப்பிக்கிறீங்கன்னா ரெண்டு பேரும் வரணும், "அவருக்கு ஷிஃப்ட் இருக்கு, நான் வந்து கத்துக்கிட்டு அவர்கிட்ட சொல்லிடுறேன்"னு சொல்றது நம்ம ஆளுங்க கிட்ட ரொம்ப சாதாரணம், அது எடுபடாது.

இப்ப அந்த நிஜக் கேள்விக்கு வர்றேன். உங்க பையன் பொறந்த நாள்லேர்ந்து உங்களைப் பார்த்து வளர்ந்தவன், பசின்னா சோறு வரும்னு அவனுக்குத் தெரியும், நீங்க கத்தினாலும் ராத்திரி வந்து போர்வை போர்த்திவிடுவீங்கன்னு தெரியும். அந்த நம்பிக்கை ஏற்கனவே இருக்குறதாலதான் நீங்க கண்டிக்கிறது வேலை செய்யுது. வரப்போற குழந்தைக்கு அது இருக்காது. கோர்ஸ்ல பேசுற ஒரு உதாரணத்தையே எடுத்துக்கோங்க: எட்டு வயசுப் பொண்ணு, வந்து ரெண்டு வாரம் ஆச்சு, தலகாணி உறைக்குள்ள பிரட், கட்டிலுக்கு அடியில பாதி கடிச்ச ஆப்பிள், கப்போர்டுக்குப் பின்னாடி பிஸ்கட் பாக்கெட். நம்ம வீட்ல முதல்ல வாயில வர்றது என்ன, "கேட்டா தர மாட்டேனா, ஏன்டி திருடித் திங்குற?" அந்தக் குழந்தை திருடல, நாளைக்கு சாப்பாடு இருக்குமான்னு தெரியாத வீட்ல வளர்ந்திருக்கு, அதனால சேத்து வைக்குது. அங்க செய்யச் சொல்றது, ஒரு டப்பா எடுத்து அதுல பழம், கிராக்கர்ஸ் போட்டு அவ ரூம்லயே வச்சு, இது உன்னுது, காலியானா நான் ரொப்பி வைப்பேன்னு சொல்லி, சொன்ன மாதிரியே தினம் ரொப்பி வைக்கிறது. மாசக்கணக்குல ஆகும். நடுவுல எறும்பு வரும், மாமியார் கத்துவாங்க.

இதுக்குப் பின்னாடி இருக்குற விஷயத்தை, அதாவது குழந்தைக்கும் வளர்க்குறவங்களுக்கும் நடுவுல உருவாகுற பிணைப்பை, அட்டாச்மென்ட்னு சொல்லுவாங்க, டான் ஹியூஸ்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் உருவாக்கின பேஸ்ங்கிற முறையும் அடிக்கடி காதுல விழும், விளையாட்டுத்தனம், அப்படியே ஏத்துக்கிறது, ஏன்னு தெரிஞ்சுக்க ஆர்வம், அவங்க எடத்துல இருந்து பாக்குறது, இந்த நாலும். கேக்க சுலபம். ஒரு பையன் உங்க மூஞ்சிக்கு நேரா கெட்ட வார்த்தையில திட்டும்போது "ஏன் இப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்"னு தோணணும்னா அதுக்குப் பழக்கம் வேணும், மூணு நாள்ல அது வராது, அது ஏஜென்சிக்கும் தெரியும். மூணு நாள்ல அவங்க பாக்குறது அந்தப் பக்கம் திரும்ப நீங்க தயாரா இருக்கீங்களான்னு மட்டும்தான்.

அடி விஷயம் தனியா சொல்லியாகணும், சுத்தி வளைக்காம. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்"னு சொல்லியே வளர்ந்த ஆளுங்க நாம. ஃபாஸ்டர் குழந்தை மேல கை வைக்கவே கூடாது, செல்லமா முதுகுல ஒரு தட்டு, காதைத் திருகுறது உட்பட எதுவும் கூடாது, 2011-ல வந்த ஃபாஸ்டரிங் விதிமுறைகள்லயே இருக்கு, நீங்க கையெழுத்துப் போடுற ஒப்பந்தத்துலயும் இருக்கும். சாப்பாட்டை நிறுத்துறது, அம்மாவைப் பாக்க விடமாட்டேன்னு மிரட்டுறது மாதிரி தண்டனையும் கூடாது. இதுல நிறைய பேர் கேக்குறது, "சொந்தப் புள்ளைய அடிச்சா?" ஸ்காட்லாந்து 2020-லயும் வேல்ஸ் 2022-லயும் பெத்தவங்க அடிக்கிறதையே தடை பண்ணிட்டாங்க, இங்கிலாந்து சட்டத்துல இன்னும் பெத்தவங்களுக்கு "நியாயமான தண்டனை"ங்கிற ஒரு ஓட்டை இருக்கு. ஆனா அசெஸ்மென்ட்ல உங்க பையன் கிட்ட தனியா உக்காந்து பேசுவாங்க, வீட்ல கோவம் வந்தா யார் என்ன பண்ணுவாங்கன்னு கேப்பாங்க, அடி வாங்குற வீட்டுக்கு ஏற்கனவே அடி வாங்கின குழந்தையை அனுப்ப எந்த ஏஜென்சியும் யோசிக்கும். மறைக்காதீங்க, முன்னாடி எப்படி இருந்தோம், இப்ப என்ன செய்யறோம்னு சொன்னா அதை மதிப்பாங்க.

ரெண்டாவது பெரிய வித்தியாசம், அந்தக் குழந்தைக்கு அப்பா அம்மா இருக்காங்க. ஃபாஸ்டர் கேரருக்கு சட்டப்படி பெற்றோர் உரிமை எதுவும் வராது. செக்‌ஷன் 20-ல, அதாவது குழந்தைகள் சட்டத்துல இருக்குற ஒரு பிரிவுல, பெத்தவங்க சம்மதத்தோட வந்த குழந்தைன்னா முழு உரிமையும் பெத்தவங்க கிட்டதான், கோர்ட் கேர் ஆர்டர், அதாவது குழந்தையைக் கவுன்சில் பொறுப்புல விடுற உத்தரவு, போட்டிருந்தா கவுன்சிலும் அவங்களும் பங்கு போட்டுக்குவாங்க. நீங்க எதையெல்லாம் சொந்தமா முடிவு பண்ணலாம்னு பிளேஸ்மென்ட் பிளான்ல எழுதிக் குடுப்பாங்க. நம்ம வீட்டுக்கு இது எப்படி வந்து இடிக்கும்னு சொல்றேன்: பாப்பாவுக்குக் காது குத்தலாமா? கேக்காம கூடாது. கோயில்ல மொட்டை? கனவுலயும் கூடாது, தலைமுடியை சும்மா ட்ரிம் பண்றதுக்கே யார் அனுமதின்னு பிளான்ல இருக்கணும். பொறந்தநாள் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா? கூடாது, அந்தக் குழந்தை எங்க இருக்குன்னு தெரியக்கூடாத ஆள் ஒருத்தர் இருக்கலாம். லீவுக்கு சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கூட்டிட்டுப் போகணும்னா சோஷியல் வொர்க்கர் அனுமதி, பாஸ்போர்ட், சில நேரம் பெத்தவங்க சம்மதம்னு மாசக்கணக்குல முன்னாடியே ஆரம்பிக்கணும். வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோ அம்மாவைப் பாக்கக் கூட்டிட்டுப் போகணும், அந்த அம்மா சில நாள் வரமாட்டாங்க, வராத அன்னிக்கு வீடு திரும்பினதும் நடக்குற ரகளையைத் தாங்கணும், அப்பவும் "உங்கம்மா இப்படித்தான்"னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரக்கூடாது. கோர்ஸ்ல நான் பார்த்த வரைக்கும் நம்ம ஊர்க்காரங்களுக்குக் கஷ்டமா இருக்குறது குழந்தை கிடையாது, இந்த அம்மாதான்.

சாப்பாடும் சாமியும். குழந்தைகள் சட்டம் 1989 குழந்தையோட மதம், இனம், பண்பாடு, மொழி எல்லாத்தையும் கவுன்சில் கணக்குல எடுக்கணும்னு சொல்லுது, கேர் ஆர்டர்ல இருக்குற குழந்தையோட மதத்தை கவுன்சிலே மாத்தக்கூடாதுன்னும் சொல்லுது. ஆனா ஆள் பத்தாததால பொருத்தம் பாத்துப் பாத்து அனுப்ப முடியுறதில்ல, உங்க வீட்டுக்கு இங்கிலீஷ்காரப் பையனோ, சோமாலியப் பொண்ணோ, ஆப்கானிஸ்தான்லேர்ந்து தனியா வந்த 16 வயசுப் பையனோ வரலாம். சைவ வீடா இருந்தா கட்டாயம் ஒரு கேள்வி வரும்: சிக்கன் நக்கெட்ஸ் மட்டுமே சாப்பிடுற குழந்தை வந்தா என்ன பண்ணுவீங்க? தனிப் பாத்திரம் வச்சு ஓவன்ல சூடு பண்ணிக் குடுப்போம்னு சொன்ன குடும்பங்கள் உண்டு, முடியவே முடியாதுன்னு சொன்னவங்களும் உண்டு. முடியாதுன்னா உடனே நிராகரிப்பாங்கன்னு இல்ல, ஆனா உங்களுக்கு அனுப்பக்கூடிய குழந்தைகள் குறையும், அதை ரிப்போர்ட்ல எழுதுவாங்க. முஸ்லிம் குழந்தைக்கு ஹலால், கறுப்பினக் குழந்தைக்கு முடி பராமரிப்பு எல்லாம் கத்துக்கணும், நம்ம தேங்காய் எண்ணெயை வச்சே எல்லாத்தையும் சமாளிச்சிடலாம்னு நினைக்காதீங்க. குழந்தைக்குத் திருநீறு வச்சுவிடக் கூடாது, நீங்க வச்சுக்கலாம், பூஜை பண்ணலாம், கூட வந்து உக்கார ஆசைப்பட்டா என்ன பண்ணலாம்னு முன்கூட்டியே பேசி வச்சுக்கணும்.

இங்கிலீஷ் பத்திக் கேட்டிருந்தீங்க. இலக்கணம் சுத்தமா இருக்கணும்னு யாரும் எதிர்பாக்கல, ஆனா ரெண்டு இடத்துல அது வேணும்: மீட்டிங்ல உங்க கருத்தைச் சொல்ல, தினக்குறிப்பு எழுத. இந்தக் குறிப்பு எழுதுறது சாதாரண விஷயம் இல்ல, கோர்ட்டுக்குக்கூடப் போகலாம், அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவங்களானப்புறம் ஃபைலை வாங்கிப் படிக்கவும் உரிமை உண்டு. "இன்னிக்கு ரொம்ப மோசமா நடந்துக்கிட்டான், திமிரு" அப்படின்னு எழுதினா அது உங்க கோவம், குறிப்பு இல்ல. "3.50-க்கு ஸ்கூல்லேர்ந்து வந்தான், பேசல, பையை ஹால்ல வீசிட்டு மாடிக்குப் போனான், கதவை மூணு தடவை அறைஞ்சான், 5 மணிக்கு நான் டோஸ்ட் கொண்டு போனேன், நாளைக்கு அம்மா வருவாளான்னு கேட்டான்", இதான் குறிப்பு. கடைசி வாக்கியத்துல காரணம் தன்னால வந்திருக்கு பாருங்க. இதை எழுதுற அளவுக்கு இங்கிலீஷ் இருந்தாப் போதும், இல்லன்னா இப்பவே பக்கத்துல ஈசால் வகுப்புல, அதாவது வேற தாய்மொழிக்காரங்களுக்கான இங்கிலீஷ் வகுப்புல, சேருங்க, அப்ளை பண்ணிட்டுக் காத்திருக்குற மாசங்கள் வீணாப் போகாது.

இப்ப அசெஸ்மென்ட், ஏன்னா தயாரிப்புல முக்கால்வாசி அங்கதான். ரெண்டு கட்டம், பல இடத்துல ரெண்டையும் ஒண்ணாவே ஓட்டுவாங்க. முதல் கட்டம் காகிதம்: வீட்ல 18 வயசு தாண்டின எல்லாருக்கும், உங்க மாமியாருக்கும் சேர்த்து, டிபிஎஸ் செக், அதாவது குற்றப் பின்னணி சோதனை, ஜிபி கிட்ட, அதாவது உங்க குடும்ப டாக்டர் கிட்ட, மெடிக்கல், குறைஞ்சது ரெண்டு பேர் தனிப்பட்ட சிபாரிசு, வெளிநாட்டுல வாழ்ந்திருந்தா அந்த ஊர் போலீஸ் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. எல்லாத் தகவலும் கைக்கு வந்து 10 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். ரெண்டாவது கட்டம்தான் ஃபார்ம் எஃப்னு, அதாவது அசெஸ்மென்ட் ரிப்போர்ட் எழுதுற படிவத்தோட பேரைச் சொல்லி, எல்லாரும் பயமுறுத்துறது. சோஷியல் வொர்க்கர் பல தடவை வீட்டுக்கு வந்து உங்க பால்யத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க, உங்க அப்பா எப்படிக் கண்டிப்பார், கல்யாணத்துல பெரிய சண்டை எதுக்கு வந்துச்சு, எப்படித் தீர்ந்துச்சு, வீட்ல காசு எப்படி, யார் இறந்தப்ப ரொம்ப உடைஞ்சு போனீங்க. முன்னாள் துணை இருந்தா அவங்ககிட்டயும் பேசுவாங்க. வீட்டு விஷயத்தை வெளிய சொல்லாதன்னு வளர்ந்தவங்களுக்கு இது மூச்சு முட்டும். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு ஒரே பதிலைச் சொல்ற குடும்பத்தோட ரிப்போர்ட்தான் எழுத ரொம்பக் கஷ்டம், ஏன்னா கஷ்டத்தைத் தாண்டி வந்ததுக்கு அத்தாட்சியே இல்லாம போயிடுது. இலங்கையில போர்க்காலத்துல இடம்பெயர்ந்து வளர்ந்தவங்க, டிப்ரஷனுக்கு மாத்திரை எடுத்தவங்க எல்லாம் நல்ல கேரர்களா இருக்காங்க, அனுபவம் தடையில்ல, அதைப் பத்திப் பேச முடியுதாங்கிறதுதான் விஷயம். பழைய சின்ன வழக்கு ஏதாவது இருந்தாலும் முதல் நாளே சொல்லிடுங்க, குழந்தைகளுக்கு எதிரான குற்றம் மாதிரி சிலதுதான் நேரடித் தடை, ஆனா மறைச்சது டிபிஎஸ்ல வந்தா அந்த மறைப்பே பெரிய பிரச்சினை ஆயிடும்.

ரிப்போர்ட் உங்ககிட்ட காட்டப்படும், திருத்தம் சொல்லலாம், அப்புறம் பேனல். ஒரு மேஜையைச் சுத்தி நிறைய பேர் உக்காந்திருப்பாங்க, அதுல ஃபாஸ்டர் கேரர் ஒருத்தரோ சின்ன வயசுல கவுன்சில் பராமரிப்புல வளர்ந்தவர் ஒருத்தரோ இருக்கலாம், பயப்பட ஒண்ணுமில்ல. பேனல் சிபாரிசு மட்டும்தான் பண்ணும், முடிவு ஏஜென்சியில அதுக்குன்னு இருக்குற அதிகாரி கையில. ரெண்டாவது கட்டத்துக்கு அப்புறம் வேண்டாம்னு சொன்னா 28 நாளுக்குள்ள அவங்ககிட்டயே மறுபரிசீலனை கேக்கலாம், இல்லன்னா ஐஆர்எம்ங்கிற தனி அமைப்புக்குப் போகலாம். முதல் கட்டத்துலயே நின்னு போனா அந்த வழி இல்ல, புகார் மட்டும்தான். மொத்தமா ஆறு மாசம்னு மனசுல வச்சுக்கோங்க, போலீஸ் சர்ட்டிஃபிகேட் தாமதமானா கூட ஆகும்.

வேலை, ரூம், காசு. மூணு வயசு தாண்டின குழந்தைக்குத் தனி ரூம் வேணும்ங்கிறதுதான் பொதுவான தரம், அதனால அந்தக் காலி ரூம் உண்மையிலேயே காலியா இருக்கணும், ஊர்லேர்ந்து யார் வந்தாலும் அங்க படுக்க வைக்க முடியாது. வாடகை வீடு தடையில்ல. ரெண்டு பேரும் முழுநேர வேலைன்னா ஏஜென்சிக்கு ஏஜென்சி பதில் மாறும், ஒருத்தராவது ஸ்கூல் கூப்பிட்டா உடனே போகுற நிலைமையில இருக்கணும்னு எல்லாரும் எதிர்பாப்பாங்க. வாராவாரம் அலவன்ஸ் உண்டு, வயசையும் ஊரையும் பொறுத்து அரசு குறைஞ்சபட்சத் தொகை அறிவிக்கும், ஆனா குழந்தை இல்லாத வாரங்களுக்குப் பொதுவா வராது. அதனால அப்ரூவல் வர்றதுக்கு முன்னாடி யாரும் வேலையை விடாதீங்க.

அப்ரூவ் ஆனதோட ட்ரைனிங் முடியாது. ஏழு தரங்கள் கொண்ட ஒரு ஒர்க்புக் இருக்கு, டிஎஸ்டின்னு சொல்லுவாங்க, உங்க அனுபவத்தை வச்சே 12 மாசத்துக்குள்ள எழுதி முடிக்கணும். சொந்தக்காரக் குழந்தைக்காக அப்ரூவ் ஆனவங்களுக்கு 18 மாசம். முதலுதவி, குழந்தைப் பாதுகாப்பு, ஆன்லைன் ஆபத்து இதெல்லாம் கூடவே ஓடும், வருஷத்துக்கு ஒரு ரிவியூ, ஒரு தடவையாவது சொல்லாமக் கொள்ளாம சோஷியல் வொர்க்கர் வந்து நிப்பாங்க.

தமிழ்க் குழந்தை வருமான்னு கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தார். வரலாம், ஆனா அதை மட்டும் எதிர்பார்த்து வராதீங்க. 2024 மார்ச் கடைசியில இங்கிலாந்துல 83,630 குழந்தைங்க கவுன்சில் பராமரிப்புல இருந்தாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு ஃபாஸ்டர் வீடுகள்ல. தமிழ் பேசுற கேரர்கள் வேணும்ங்கிறது உண்மை, அந்தக் குழந்தை என்னிக்கு வரும்ங்கிறது யாரும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, கேள்விக்கு வெளியில, ஆனா நம்ம சனத்துக்கு ரொம்பத் தேவை. நண்பரோட புள்ளையையோ தூரத்து உறவுக்காரப் புள்ளையையோ படிக்க வீட்ல வச்சிருக்கீங்களா? 16 வயசுக்குள்ள இருக்குற குழந்தை 28 நாளோ அதுக்கு மேலயோ தங்கினா அது பிரைவேட் ஃபாஸ்டரிங், ஆறு வாரம் முன்னாடியே கவுன்சிலுக்குச் சொல்லணும். தாத்தா பாட்டி, கூடப்பொறந்தவங்க, அப்பா அம்மாவோட கூடப்பொறந்தவங்க, மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன், சொந்தக்காரங்கள்ல இவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. அம்மாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி வீட்ல இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

இப்ப நீங்க செய்யவேண்டியது: ஏஜென்சிக்கு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி மாமியாரையும் பையனையும் உக்கார வச்சுப் பேசுங்க. வர்ற குழந்தை கதவை உடைச்சா, பையனோட பிளேஸ்டேஷனை உடைச்சா, மாமியாரைத் திட்டினா வீட்ல யார் என்ன பண்ணப் போறோம்? பையன் வேண்டாம்னு சொன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க, அதுல தப்பே இல்ல. சரின்னா உங்க கவுன்சில் ஒண்ணு, தனியார் ஏஜென்சி ஒண்ணு, ரெண்டு பேரோட அறிமுகக் கூட்டத்துக்கும் போங்க, ராத்திரி 2 மணிக்குப் பிரச்சினைன்னா ஃபோனை யார் எடுப்பாங்கன்னு கேளுங்க, அவங்க கிட்ட ஏற்கனவே இருக்குற ஒரு கேரரோட பேச வைக்கச் சொல்லுங்க. மழுப்புற எடத்துல சேராதீங்க.